பன்னிரண்டு சிவாலயமும் ஒரு வரைபடமும்: குமரியில் ஓடிய நாட்கள்

ஞாயிறு, கன்னியாகுமரி

விடியக்காலம் ஐந்தரைக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டம். வட்டக்கோட்டை போகும் பக்கம் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். ஆனி பிறக்கும் நேரத்து மேல்காற்றை வெளியூர்க்காரர்கள் பலர் கணக்கில் வைக்கவில்லை. போகும்போது முதுகைத் தள்ளிவிட்ட காற்று திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது. கடைசி இரண்டு கிலோமீட்டரும் முன்னால் போனவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு ஓடினேன். 58 நிமிடம். இந்தக் காற்றில் எனக்கு அது நல்ல நேரம்.

முடித்துவிட்டுச் சுக்குக்காப்பி குடித்தபடி எல்லோரும் பேசியது தடகளப் பேச்சுதான். 2017இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் புதுக்கோட்டை லட்சுமணன் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியதை ஒரு மார்த்தாண்டத்துத் தம்பி சுற்றுச் சுற்றாகச் சொன்னான். தோஹாவில் நீரஜ் சோப்ரா 90.23 மீட்டர் ஈட்டி எறிந்த இரவு தூங்காமல் இருந்ததாக இன்னொருவர் சொன்னார். தார்ச்சாலையும் கடிகாரமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தக் கோடை விடுப்பில் ஊருக்கு வந்தது வேறொன்றுக்காக. வேலைக்காகச் சுவீடனில் இருந்த காலத்தில் பிடித்துக்கொண்ட, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியன்டியரிங்கை என் சொந்த மண்ணில் ஓடிப் பார்க்க வேண்டும். சிவராத்திரிக்கு எங்கள் பக்கம் ஓடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களையும் வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பகுதி பகுதியாக ஓடப் போகிறேன். போன் பைக்குள்ளேயே கிடக்கும்.

திங்கள், தக்கலை

சித்தி வீட்டில் இறங்கியிருக்கிறேன். இன்று ஓட்டம் இல்லை, தாள் வேலை.

ஓரியன்டியரிங் தெரியாதவர்களுக்கு: வரைபடத்தில் முக்கோணம் போட்ட இடம் தொடக்கம், இரட்டை வட்டம் முடிவு. நடுவில் எண் போட்ட ஊதா வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் நிலத்தில் ஒரு பாறையோ, பள்ளமோ, மதில் மூலையோ இருக்கும். அங்கே வெள்ளையும் ஆரஞ்சுமாக ஒரு கொடி தொங்கும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். எண் வரிசை தப்பாமல் எல்லாவற்றையும் தொட்டு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவர் பாடு. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று நார்வேயில், இன்றைய ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் நடந்தது. ஓட்டப் பந்தயங்களுக்கு இளைஞர்கள் வருவது குறைகிறதே என்று கவலைப்பட்ட எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற சுவீடன் ராணுவ அதிகாரி, முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இதைக் காட்டுக்குள் கொண்டுபோய் விதிமுறை வகுத்து வளர்த்தார்.

இதைப் படித்தால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்குச் சிவாலய ஓட்டம் ஞாபகம் வராமல் இருக்காது. மாசி சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்று வரிசை மாறாமல் ஓடி முடிப்பார்கள். 100 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா கோபாலா'. ஓடுகிறவர்களுக்குக் கோவிந்தர்மார் என்றே பெயர். கதையும் ஓட்டக் கதைதான். தருமரின் யாகத்துக்காகப் பீமன் புருஷாமிருகத்தைத் தேடிப் போகிறான். சிவனைத் தவிர வேறு பெயர் காதில் விழுந்தால் பொறுக்காத அதன் முன்னால் நின்று 'கோவிந்தா கோபாலா' என்கிறான். அது துரத்துகிறது. பிடிபடப் போகும் நேரமெல்லாம் கண்ணன் கொடுத்த ருத்திராட்சம் ஒன்றைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிறது. புருஷாமிருகம் நின்று பூசை செய்கிறது. பீமன் அதற்குள் ஓடிவிடுகிறான். அப்படிப் பன்னிரண்டு இடம். பந்தயப் பாதையை ஓடியவனே போட்டுக்கொண்டு போன ஓட்டம் வேறெங்கும் இருப்பதாக நான் கேட்டதில்லை.

வரைபடம் செய்வதுதான் பெரும்பாடு. நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு, 20 மீட்டருக்கு ஒன்று. ஓரியன்டியரிங் தாளில் 5 மீட்டருக்கு ஒன்று வேண்டும். செயற்கைக்கோள் படத்தையும், 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடார் எடுத்த உயரக் கணக்கையும் வைத்து, ஓப்பன்ஓரியன்டியரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருளில் குளிர்காலம் முழுக்கக் கோடு இழுத்தேன். ரேடாருக்கு ரப்பர் தோட்டத்தின் தலை தெரியும், தரை தெரியாது. மரம் அடர்ந்த இடத்தில் இல்லாத மேடு தாளில் முளைத்துவிடும். அதையெல்லாம் காலால்தான் திருத்த வேண்டும். சாயங்காலம் பேருந்து நிலையம் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் கலர் பிரிண்ட். 1:15,000, அதாவது ஒரு சென்டிமீட்டர் 150 மீட்டர்.

செவ்வாய், முஞ்சிறை

திருமலைக் கோயில் குன்றின்மேல். படியிறங்கும்போதே திசைகாட்டியை எடுத்துவிட்டேன். தாளை நான்காக மடித்து, நிலத்தில் வடக்கு எங்கே இருக்கிறதோ அங்கே தாளின் வடக்கையும் திருப்பி, நான் நிற்கும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொள்வேன். நான் நகர நகர விரலும் தாளில் நகரும். கண்ணை எடுத்தாலும் விரல் இடத்தை மறக்காது. உடம்பு திரும்பினால் தாள் திரும்பக் கூடாது, வடக்கைப் பார்த்தே நிற்க வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் இந்த ஆட்டத்தில் பாதி வந்துவிட்டது.

தங்கை வீட்டுக்காரர் பைக்கில் தண்ணீரோடு வந்தார். வருசம் தவறாமல் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர். "மதினி, இதுக்குப் படம் எதுக்கு? கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் போயிருவேனே" என்றார். போய்விடுவார்தான். அவர் காலுக்குத் தெரிந்ததில் ஒரு துளியாவது தாளில் ஏற்றத்தான் நான் வந்திருக்கிறேன். திக்குறிச்சிக் கோயிலுக்குத் தாமிரபரணிக் கரையோடு வந்து சேர்ந்தேன். சிவன் கோயிலில் நந்தி இல்லாமல் இருப்பது புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆற்றில் இறங்கி முழங்கால் வரை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சாயங்காலம் இரவிபுத்தன்துறை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை. ஆழ்கடலுக்குப் போகிற ஆண்களெல்லாம் ஊரில். அதனால் தூத்தூர்ப் பக்கத்து மைதானங்களில் இப்போது கால்பந்துக்குக் குறைவில்லை. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடிய மைக்கேல் சூசைராஜ் இந்த ஊர்ப் பிள்ளை. வெறுங்காலோடு மணலில் ஆடிய பொடியன்களைப் பார்த்தேன். மணலில் பந்து உருளாது. அதனால் பந்தைக் காலோடு ஏந்தித் தூக்கித் தூக்கிக் கொடுக்கிறார்கள். வலது ஓரத்தில் ஆடிய ஒருவன் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே என்று பார்த்துவிடுகிறான். பந்து காலுக்கு வந்த நொடியில் முடிவு எடுத்தாயிற்று. நல்ல ஓரியன்டியரும் இதைத்தான் செய்வார்: கொடியை அடைந்த பிறகு அடுத்த வழியை யோசிக்க நிற்க மாட்டார், வரும்போதே யோசித்திருப்பார்.

புதன், திக்குறிச்சியிலிருந்து திற்பரப்பு

நீளமான பகுதி, இந்த வாரத்தின் மிக நல்ல பகுதி. சிதறால் மலையை இடக்கண்ணில் வைத்துக்கொண்டு அருமனைப் பக்கம் ஏறினேன். மேலே 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன, ஆனால் இன்று அந்த மலை எனக்குத் திசை சொல்லும் கல்.

அருமனை தாண்டியதும் சாலையை விட்டு ரப்பருக்குள் இறங்கினேன். முதிர்ந்த ரப்பர்த் தோட்டம்போல ஓடுவதற்கு வாகான காடு சுவீடனில்கூடக் கொஞ்சம்தான். அடியில் புதர் கிடையாது, தரை முழுக்க நனைந்த சருகு. தாளில் இதற்கு வெள்ளை நிறம். இளம் தோட்டம் வேறு: மண்ணைக் காக்க விட்டிருக்கும் கொடி காலைச் சுற்றிவிடும். அதற்குப் பச்சை போட்டு ஒதுங்கிப் போனேன். சரிவில் ரப்பரைச் சம உயரத்தில் படி வெட்டி நடுவார்கள். ஒரு மர வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரேடார் தராத சம உயரக் கோட்டை மரங்களே எழுதிக் காட்டுகின்றன. ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு கீழே இறங்கினேன்.

பால் வெட்டு நடக்கும் நேரம். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும், அதனால் விடியுமுன்னே தொடங்கிவிடுவார்கள். பட்டையில் சாய்வாக ஒரு கீறல், அதன் அடியில் தகட்டு மூக்கு, அதிலிருந்து சிரட்டைக்கு நூல்போல வெள்ளை. மழைக்காலம் என்பதால் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தது. தலைவிளக்கைக் கழற்றாமல் வேலையில் இருந்த ஒரு பாட்டா கத்தியை நிறுத்தி, "வழி தெரியாம நிக்கியா மக்களே?" என்றார். தாளைக் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாக வாங்கி, ஓடையைக் கண்டுபிடித்து, தாளைத் தானே சரியாகத் திருப்பிக்கொண்டார். "இதுல எங்க பாறைக்குளம் இல்லியே" என்று ஒரு இடத்தைத் தொட்டார். கூடவே வந்து காட்டினார். எப்போதோ கல் உடைத்த குழியில் தண்ணீர் நிற்கிறது, மரக்கூட்டத்தால் வானத்திலிருந்து தெரியாது. நீலப் பேனாவால் அந்த இடத்திலேயே வரைந்தேன். அடுத்த பதிப்பில் அது நல்ல கன்ட்ரோலாக இருக்கும்.

திற்பரப்பில் கோதையாறு நிறைய விழுந்துகொண்டிருந்தது. கோயிலைத் தொட்டுவிட்டு மட்டிப் பழம் அரைச்சீப்புத் தின்றேன். புவிசார் குறியீடு கிடைத்த பழம். ஓடுகிறவர்களுக்கு இடுப்புப் பையில் வைக்க இதைவிட வாகான அளவு வேறில்லை.

வியாழன், மாத்தூர்

விடாத மழை. ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு, தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு மாத்தூர் தொட்டிப்பாலம் போனேன். ஒன்பதாம் வகுப்பு. திங்கள் முதல் என் தாள்களையே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிறமெல்லாம் புரிந்துவிட்டது. சம உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள் மட்டும் பிடிபடவில்லை. "பெரியம்மா, தரையில இல்லாத கோட்டை எப்படிப் பார்க்க?"

அதற்குத்தான் மாத்தூர். 1966இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களில், பட்டணங்கால் சானல் (பாசனக் கால்வாய்) தண்ணீர் ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குப் போகிறது. அவளைத் தொட்டியின் ஓரத்து நடைபாதையில் நிறுத்திக் கேட்டேன்: "இந்தத் தண்ணி மேல ஏறுமா?" ஏறாது. "சடார்னு இறங்குதா?" இல்லை, நிதானமாகப் போகிறது. "அப்போ இந்த மலையில் சானல் எந்த உயரத்தில் வருதோ, எதிர் மலையிலும் கிட்டத்தட்ட அதே உயரம்தானே?" பாலத்தின் இரு முனையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாளை எடுத்து, சானலின் நீலக் கோடு மலையைச் சுற்றி வளையும் இடமெல்லாம் பழுப்புக் கோட்டை ஒட்டியே வருவதை விரலால் தடவிப் பார்த்தாள். ஆறு மட்டும் பழுப்புக் கோடுகளை வெட்டிக்கொண்டு நடுவில் ஓடுகிறது. "அப்போ சானல் கரையில ஓடினா மூச்சு வாங்காது, ஆத்துக்கு இறங்கினா திரும்ப ஏறணும்" என்றாள். நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் சேர்ந்து இந்த மாவட்டம் முழுக்க விரித்திருக்கும் சானல்கள் ஒவ்வொன்றும் தரையில் வரைந்த சம உயரக் கோடு. இத்தனை குளம், இத்தனை பாறை, இத்தனை இடவழி இவ்வளவு சின்ன மாவட்டத்தில் இருக்கும்போது, பள்ளிப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி மட்டும் ஓடவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பாலம் கட்டிய அதே 1966இல்தான் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸில் முதல் உலக ஓரியன்டியரிங் சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கே பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த பாடம் இது. இங்கே ஒரு தாளும் ஒரு மழை நாளும் போதுமாக இருந்தது.

வெள்ளி, திருநந்திக்கரையிலிருந்து கல்குளம்

மழை விட்டது. திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம் மூன்றும் வேகமாக முடிந்தன. திருநந்திக்கரைக் குடைவரையில் மட்டும் கொஞ்சம் நின்றேன். வேளிமலை நாள் முழுக்க முகில் மூடிக் கிடந்தது.

கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது. கருங்கல் மதிலுக்குள் நுழைந்ததும் ஓட்டமே மாறிவிடுகிறது. ஸ்பிரின்ட் ஓரியன்டியரிங் என்று ஒரு வகை உண்டு. 1:4,000 தாள், ஜெயிப்பவருக்கு 12 முதல் 15 நிமிடம், பழைய நகரத்தின் சந்துகளுக்குள் நடக்கும். தாண்டக் கூடாத மதிலைத் தடித்த கறுப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் வெளியேற்றம்தான். கொடி மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு மீட்டரில் இருக்கும், வாசலோ முந்நூறு மீட்டர் சுற்றில் இருக்கும். ஓடிக்கொண்டே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்மநாபபுரம் அதற்கென்றே கட்டிய ஊர்போல இருக்கிறது. தெப்பக்குளத்தைச் சுற்றி, அக்கிரகாரத் தெருவில் நுழைந்து, கோட்டை வாசலில் முடிகிற மாதிரி ஒரு பாதை மனசில் போட்டுவிட்டேன். கூட்டம் வருமுன் காலையில் நடத்த வேண்டும்.

சனி, தக்கலை

காலைக்கு ஓய்வு. மத்தியானம் மரச்சீனியும் சாளைக் கறியும். நாலரைக்கு வீட்டார் எல்லோரையும் போன் முன்னால் உட்காரவைத்தேன். பின்லாந்தில் ஜூகோலா என்ற ஓரியன்டியரிங் தொடர் ஓட்டம். அங்கே பிற்பகல் இரண்டு மணிக்குப் பெண்களின் வென்லா ஓட்டம், அணிக்கு நான்கு பேர். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள். ஜூகோலா 1949இல் தொடங்கியது, வென்லா சேர்ந்தது 1978இல். முன்னணி ஓட்டக்காரர்கள் முதுகில் ஜி.பி.எஸ். கட்டி ஓடுவார்கள். வரைபடத்தின்மேல் வண்ணப் புள்ளிகள் ஊர்ந்து போவதை நாம் பார்க்கலாம். ஒரே கூட்டமாகக் கிளம்பிய புள்ளிகள் முதல் கன்ட்ரோலுக்கு முன்பே மூன்றாகப் பிரிந்தன. "ஏன் பிரியுதாங்க?" என்றாள் தங்கை மகள். ஒருவர் பின்னால் ஒருவர் தொற்றிக்கொண்டு போகாமல் இருக்க, கொடிகளை அணிக்கு அணி மாற்றிக் கொடுப்பார்கள். நான்கு பேரும் ஓடி முடிக்கும்போது எல்லா அணிக்கும் மொத்தப் பாதை ஒன்றாகிவிடும். அவளுக்கு இது ரொம்பப் பிடித்தது. ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நீலப் புள்ளி சுற்றிப் போனதும் சிவப்புப் புள்ளி நேரே பாய்ந்ததும் அவள் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். சுற்றிப் போனவர் முந்தினார்.

சுவிட்சர்லாந்தின் சிமோன் நிக்லி 23 உலகத் தங்கம் வாங்கியவர், மூன்று பிள்ளைகள் பெற்ற பிறகும் வாங்கியவர் என்று சொன்னேன். சித்தி போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். "காட்டுக்குள்ள தனியா ஓடுதுவளா? ஒருத்தரும் கூட இல்லாமலா?" தனியாகத்தான். "சிவராத்திரிக்கு நம்ம ஆம்பிளைய ஓட்டமா ஓடுதாவ, நாங்க வேன்ல போவோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஓடத் தெரியும், சின்னதுல" என்றார்.

ஆண்களின் ஏழு பேர் ஓட்டம் அங்கே இரவு பதினொன்றுக்கு, நமக்கு ஞாயிறு அதிகாலை ஒன்றரை. முதல் கை மாறும் வரை பார்த்தேன். தங்கை மகள் அதற்கு முன்பே பாயில் தூங்கிவிட்டாள்.

ஞாயிறு, திருநட்டாலம்

மேலாங்கோடு, வில்லுக்குறிப் பக்கத்துத் திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு மூன்றையும் காலையில் முடித்தேன். எல்லாம் தக்கலையைச் சுற்றி எனக்குப் பழகிய வழி, சொல்ல அதிகம் இல்லை.

திருப்பன்றிக்கோட்டிலிருந்து தாளைத் தங்கை மகள் கையில் கொடுத்துவிட்டேன். இனி வழி அவள் பாடு, நான் பின்னால் மட்டும் வருவேன். தங்கை வீட்டுக்காரர், "நான் கோவிந்தர்மார் போற வழியில ஓடுதேன், யாரு முந்துதான்னு பாப்போம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அவருக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். அவளுக்கு வியாழக்கிழமை மாத்தூரில் கற்றது மட்டும் தெரியும்.

முதலில் நான்கடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். தாளைத் திருப்பினாள், கட்டைவிரலை வைத்தாள், மூச்சு விட்டாள். பிறகு ஓடினாள். அப்பாவின் வழி ஒரு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. அவள் மேட்டைச் சுற்றி வரும் சானல் கரையைப் பிடித்தாள். தூரம் கூடுதல், ஏற்றம் இல்லை. அணை திறந்து சில நாட்களே ஆன புதுத்தண்ணி கரை தளும்பிப் போனது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "எங்கடி பாயுத?" என்று கேட்டதற்கு, "நட்டாலம்!" என்று நிற்காமல் கத்தினாள். வயல் வரப்பு பிரியும் இடத்தில் இரண்டாவது முறை நின்றாள். தாளில் ஒரு படித்துறை இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை, ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சானலின் வளைவைத் தாளில் இருக்கும் வளைவோடு ஒப்பிட்டு, "படித்துறையைத் தப்பாப் போட்டிருக்கீங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கினாள்.

திருநட்டாலம் கோயில் குளத்தங்கரைக்கு நாங்கள் வந்து தண்ணீர் குடித்து முடித்தபோது அவள் அப்பா தெருமுனையில் தெரிந்தார். வந்ததும் சண்டை. சாயங்கால வெயிலில் மேடு ஏறியது கணக்கில் வராது என்றார், வழியில் தெரிந்தவர் ஒருவர் நிறுத்திப் பேசிவிட்டார் என்றார். "மாசியில வா, முழுசா ஓடி வந்த காலோட பாப்போம்" என்றார். "மாசியில சானல்ல தண்ணி இருக்காது, இன்னும் லேசா ஓடலாம்" என்றாள் அவள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, அந்தத் தாளை வாங்கி மடியில் விரித்துக்கொண்டு, தன் வழியை விரலால் தேட ஆரம்பித்தார்.

நாளை சாயங்காலம் ரயில். அதற்குள் படித்துறையை ஐம்பது மீட்டர் நகர்த்த வேண்டும், பாறைக்குளத்தைச் சேர்க்க வேண்டும், எல்லாத் தாளிலும் மூன்று பிரதி எடுக்க வேண்டும். ஒன்று தங்கை வீட்டுக்காரரின் ஓட்டக் கூட்டத்துக்கு, ஒன்று தங்கை மகளின் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியைக்கு. மூன்றாவது தனக்கு வேண்டும் என்று சித்தி கேட்டிருக்கிறார்.